‘வீட்டில் கென்யா என்று சொல்லிவிட்டு வந்தேன்’: தெற்கு சூடானிலிருந்து ஒரு செவிலியரின் கடிதம்

எழுதியிருப்பவர் தென் மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த 29 வயதுச் செவிலியர். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். சர்வதேச மருத்துவ உதவி அமைப்பு ஒன்றில் ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து, ஜூலைத் தொடக்கத்தில் தெற்கு சூடானின் வடக்கு பஹர் அல் கசல் மாநிலத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்கு மேற்பார்வைச் செவிலியர். போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வந்த நாளிலிருந்து சரியான தூக்கம் இல்லை. தூங்கினாலும் பயங்கரமான கனவுகள், பகலில் காரணமில்லாத படபடப்பு. மலேரியா வராமலிருக்க வாரம் ஒரு மாத்திரை போடுகிறார். ஊரிலிருந்து கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்தது. ‘சின்ன வயதில் தூத்துக்குடியில் இருந்தபோது எனக்கு மலேரியா வந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தி இருக்குமே, நிறுத்திவிடலாமா?’ என்று கேட்கிறார். வார்டில் இருக்கும் உள்ளூர்ச் செவிலியர்கள் பலர் இவரைவிட மூத்தவர்கள். இவர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டுப் பழையபடியே செய்கிறார்கள். ரத்த ஓட்டம் குன்றி ஷாக்கில் இருந்த, வெளிறிப்போன ஒரு குழந்தைக்கு இவர் சலைனை வேகமாக ஏற்றத் தொடங்க, ‘டாக்டர்கூட இல்லை, டிப்ளமா படித்தவர்’ என்று இவர் குறிப்பிடும் ஒரு கிளினிக்கல் ஆபீசர் வந்து டிரிப்பை நிறுத்தியிருக்கிறார். எல்லார் முன்னாலும் அவமானமாகப் போய்விட்டது. ஒரே இரவில் மூன்று குழந்தைகள் இறந்தார்கள். அதில் ஒரு தாய் அழக்கூட இல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பியதை மறக்க முடியவில்லை என்கிறார்.

வீட்டில் கென்யா என்றுதான் சொல்லியிருக்கிறார். உண்மை அண்ணனுக்கு மட்டும் தெரியும். அம்மா தினமும் காலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறார். பாதியில் திரும்பினால் பணம் கட்டச் சொல்வார்களா, சம்பளத்துக்கு இந்தியாவில் வரி உண்டா என்றும் கேள்விகள். கடைசியில், கையெழுத்துக்கு மேலே, இப்படி ஒரு வரி: ‘அப்புறம் இங்கே ஒரு சீனியர் இருக்கிறார், வேறு நாட்டுக்காரர். இரவு பத்து மணிக்கு மேல் என் அறைக் கதவைத் தட்டி டீ குடிக்கலாமா என்கிறார். இரண்டு தடவை. இதைப் பெரிதாக்க விரும்பவில்லை.’

அன்புள்ள சகோதரி,

நான் குழந்தை மருத்துவர். இதே மாதிரி அமைப்புகளோடு ஆப்பிரிக்காவில் சில காலம் வேலை செய்திருக்கிறேன். உங்கள் கேள்விகளில் பாதி மருத்துவம், மீதி வாழ்க்கை. நீங்கள் எழுதிய வரிசையில் போகாமல், கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். இத்தனை வருடத்தில் இப்படிப்பட்ட கடிதங்களில் முக்கியமான விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கதவைத் தட்டும் சீனியர்

இதை நீங்கள் பெரிதாக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல், தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் அறைக் கதவை, அவள் சம்மதிக்காத நிலையில், இரண்டாவது தடவை தட்டியவர்தான் பெரிதாக்கியிருக்கிறார். சுற்றுச்சுவருக்குள் எல்லாரும் ஒரே இடத்தில் சாப்பிட்டு, ஒரே இடத்தில் தூங்கி, மாலை ஊரடங்குக்குப் பிறகு வெளியே போக முடியாமல் வாழும் இடம் அது. ஊரில் என்றால் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். அங்கே அந்த வசதி இல்லாததால்தான் இந்த விஷயத்தில் விதிகள் கடுமையாக இருக்கின்றன. ஹைட்டியில் நிவாரணப் பணியாளர்கள் செய்த பாலியல் அத்துமீறல்கள் 2018-இல் வெளியே வந்து உலகமே பேசியபிறகு, பெரிய அமைப்புகள் புகார் வழிகளை இறுக்கிவிட்டன. உங்கள் ஒப்பந்தத்தோடு கையெழுத்து வாங்கிய நடத்தை விதிமுறைத் தாளை எடுத்துப் பாருங்கள். யாரிடம் புகார் செய்யலாம் என்று அதிலேயே இருக்கும். வழக்கமாக, உங்கள் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரைத் தாண்டி நேராகத் தலைமையகத்துக்கே எழுதும் வழி ஒன்றும் உண்டு. அந்தச் சீனியரே ஒருங்கிணைப்பாளராக இருந்தாலோ அவருடைய நண்பராக இருந்தாலோ அந்த வழிதான் உங்களுக்கு.

இன்று இரவே செய்ய வேண்டியது: இரண்டு தடவையும் நடந்த தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, நீங்கள் சொன்ன பதில் ஆகியவற்றை எழுதி, அமைப்பின் கணினியில் இல்லாமல் உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இரவில் என் அறைக்கு வர வேண்டாம்’ என்று அவருக்கு ஒரே வரியில் செய்தி அனுப்புங்கள். விளக்கம் வேண்டாம், சிரிப்புப் பொம்மை வேண்டாம். அறையில் உள்தாழ்ப்பாள் சரியாக இல்லையென்றால் லாஜிஸ்டிக்ஸ் ஆளிடம் நாளைக்கே சொல்லுங்கள். பெண் சக பணியாளர் ஒருவரின் பக்கத்து அறைக்கு மாற்றித் தரும்படி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது தடவை நடக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சேர்ந்து மூன்று வாரத்தில் புகார் கொடுத்தால் கெட்ட பெயர் வரும் என்று நினைப்பீர்கள். புதிதாக வரும் பெண் அப்படித்தான் நினைப்பாள் என்பது தட்டுகிறவருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த அல்ல. பாலியல் வன்முறை நேர்ந்தால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, தொடங்க வேண்டும். அந்த மருந்துப் பெட்டி உங்கள் வளாகத்தில் எங்கே இருக்கிறது, யாரிடம் சாவி என்பதை ஒவ்வொரு பெண் பணியாளரும், ஆண்களும்தான், முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி குத்திக்கொண்டாலும் அதே பெட்டிதானே.

தூக்கமும் அந்த மாத்திரையும்

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் வாரம் ஒன்று, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடக்கம் என்றால் அது பெரும்பாலும் மெஃப்ளோகுயினாகத்தான் இருக்கும். அட்டையைப் பாருங்கள். அதுதான் என்றால் உங்கள் கடிதத்தின் பாதியை வேறு கண்ணால் படிக்க வேண்டியிருக்கிறது. தூக்கமின்மை, தத்ரூபமான கெட்ட கனவுகள், படபடப்பு, மனச்சோர்வு எல்லாம் அந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவுகள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் அதன் மேல் மிகக் கடுமையான வகை எச்சரிக்கையைப் போட வைத்தது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. பலர் சாதாரணமாகப் போட்டுக்கொள்கிறார்கள். ஆகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் சில டோஸ்களிலேயே தெரிந்துவிடும். உங்களுக்கு ஐந்தாறு டோஸ் ஆகியிருக்கும்.

‘எனக்கு மன உறுதி இல்லை போலிருக்கிறது’ என்று நீங்கள் எழுதியதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. முதலில் மாத்திரை மாறட்டும், பிறகு பார்க்கலாம்.

நிறுத்தாதீர்கள், மாற்றுங்கள். அடுத்த டோஸுக்கு முன்பே உங்கள் அமைப்பின் பணியாளர் நல மருத்துவரிடம் பேசுங்கள். டாக்ஸிசைக்ளின் அல்லது அடோவாகுவோன்–புரோகுவானில் தருவார். இரண்டும் தினமும் போட வேண்டியவை. டாக்ஸிசைக்ளின் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போட்டு, உடனே படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் நெஞ்சு எரியும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். ஊருக்குத் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும்.

தூத்துக்குடி மலேரியா உங்களைக் காப்பாற்றாது. நம் கடற்கரை ஊர்களில் அந்தக் காலத்தில் அதிகம் வந்தது வைவாக்ஸ் வகை. நீங்கள் இருக்கும் மாநிலத்தில் ஆளைக் கொல்வது ஃபால்சிபாரம். ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றுக்கு உதவாது. ஒரே வகைக்கான எதிர்ப்புகூடத் தொடர்ந்து கடிபட்டுக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் ஓரளவு தங்கும். இருபது வருடம் விட்டுப்போனவருக்கு எதுவும் மிச்சமிருக்காது. மழைக்காலம் முழுக்க, நவம்பர் வரைக்கும், வார்டு நிரம்பி வழியப் போகிறது. அதே கொசுதான் உங்கள் அறையிலும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே விரல் நுனி ரத்தப் பரிசோதனை. ‘டூட்டி முடிச்சிட்டுப் பாக்கலாம்’ என்பது நம் செவிலியர்களுக்கே உரிய வியாதி, அதை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

தூக்கத்துக்கு இன்னொரு எதிரி உங்கள் அம்மா. நம் காலை ஆறு மணி உங்களுக்கு அதிகாலை இரண்டரை. தெற்கு சூடான் 2021 பிப்ரவரியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதிலிருந்து நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். பாதி ராத்திரியில் எழுந்து ‘நல்லா இருக்கேம்மா’ என்று சொல்லிவிட்டு யாருக்குத்தான் மறுபடி தூக்கம் வரும்? நம் இரவு ஒன்பது மணிக்கு, அதாவது உங்கள் மாலை ஐந்தரைக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள்; மழைக்காலத்தில் நெட்வொர்க் இரண்டு நாள் படுத்துவிட்டால் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். வாரம் மூன்று நாள் என்று வையுங்கள்.

டிரிப்பை நிறுத்தியவர் செய்தது சரியா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சரி என்றே நினைக்கிறேன். உங்களுக்கு இது கசக்கும் என்று தெரியும்.

மதுரையில் ஷாக் என்றால் கைகள் தாமாகவே வேலை செய்யும்: லைன் போடு, போலஸ் (வேகமாக ஏற்றும் திரவம்) கொடு. அதைத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் 2011-இல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் நடத்திய பெரிய சோதனையின் முடிவு வந்தது. வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். ஏற்றாதவர்களில் ஏழு பேருக்குச் சற்று மேல். உதவும் என்று எல்லாரும் நம்பிய சிகிச்சை உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மலேரியா, பலருக்குக் கடும் ரத்தசோகை. ரத்தம் நீர்த்துப்போன குழந்தைக்கு மேலும் நீர் சேர்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வென்டிலேட்டர் இல்லாத வார்டில் அதைச் சமாளிக்கவும் வழி கிடையாது. நீங்கள் சொல்லும் வெளிறிப்போன குழந்தைக்குத் தேவை ரத்தம், மலேரியாவுக்கான ஆர்டிசுனேட் ஊசி, சர்க்கரை அளவைப் பார்ப்பது.

வாந்தி பேதியால் வறண்டுபோன குழந்தையின் கதை வேறு. அந்தச் சோதனையில் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை. கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ள குழந்தையின் கதை இன்னொன்று: இதயமே இளைத்திருக்கும், நரம்பு வழியாகப் போகும் ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. வராததில் தவறில்லை, நம் ஊர் தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் அதைக் கற்கச் சந்தர்ப்பமே இல்லை. அந்த கிளினிக்கல் ஆபீசருக்கு அது தினசரி வேலை. கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதியில் டாக்டர்கள் போதாமல் உருவான பதவி அது. அங்கே பல மருத்துவமனைகள் நிற்பதே அவர்கள் தோளில்தான். ஒரு மழைக்காலத்தில் அவர் பார்க்கும் கடும் மலேரியாவை நான் என் வாழ்நாளில் இந்தியாவில் பார்த்ததில்லை. நாளைக்கு அவரிடம் போய், அன்றைக்கு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். குத்தலாக இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்கிற தொனியில். எல்லார் முன்னாலும் கேட்டால் இன்னும் நல்லது.

தலையாட்டிவிட்டுப் பழையபடி செய்பவர்கள்

உங்களுக்கு முன்னால் அந்த வார்டில் எத்தனை மேற்பார்வைச் செவிலியர்கள் வந்து போனார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருவர் வருவார், புது சார்ட் கொண்டுவருவார், கையுறைப் பெட்டியை இடம் மாற்றுவார், போய்விடுவார். அடுத்தவர் வந்து பெட்டியைப் பழைய இடத்திலேயே வைப்பார். நீங்களாக இருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பீர்கள்.

நீங்கள் குறிப்பாக எழுதிய அந்த மூத்த பெண்மணிக்கு 45 வயது இருக்கும் என்கிறீர்கள். அதே ஊர்க்காரர் என்றால் 1998-இல் பஹர் அல் கசலில் வந்த பஞ்சத்தில் அவர் பதின்வயதுப் பெண். 2011-இல் நாடு சுதந்திரம் பெற்றதையும், 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்ததையும், 2023-இலிருந்து வடக்கே சூடானில் நடக்கும் போரால் ஜனங்கள் எல்லை தாண்டி வருவதையும் வார்டில் நின்றபடி பார்த்திருக்கிறார். அவரிடம் நீங்கள் கற்க வேண்டியது நிறைய. அவர் உங்களிடம் கற்க வேண்டியதும் உண்டு, ஆனால் வரிசை அதுதான்.

முதல் ஆறு வாரத்துக்கு எதையும் மாற்றாதீர்கள். ஆபத்தானதைக் கண்டால் தடுங்கள், அது வேறு. மற்றபடி பாருங்கள், பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள், இரவு ஷிப்டில் அவர்களோடு உட்காருங்கள். காலையில் வந்ததும் வேலையைப் பற்றிப் பேசாமல் வீட்டைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி விசாரியுங்கள். அங்கே வணக்கம் சொல்வது சுருக்கமான வேலை இல்லை, அதை முழுசாகச் செய்யாதவர் மரியாதை தெரியாதவர். அப்புறம், அவர்களுக்கு எது இடைஞ்சல் என்று கேட்டு அதில் ஒன்றைத் தீர்த்துவையுங்கள். பெரும்பாலும் அது சின்ன விஷயமாக இருக்கும்: ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரின் வடிகட்டி, இரவில் எரியாத ஒரு பல்பு, டூட்டி பட்டியலில் ஒருவருக்கே வரும் ஞாயிற்றுக்கிழமைகள். உங்கள் பதவியின் கையில் இருக்கும் உண்மையான அதிகாரம் இதற்குத்தான்.

வென்டிலேட்டர் கைவித்தை அங்கே உதவாது என்று சோர்ந்துபோயிருக்கிறீர்கள். உங்கள் ஆறு வருடத்தில் மெஷினைச் சேராத பகுதி எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். எடை குறைந்த குழந்தையைக் குளிராமல் வைத்திருப்பது, பீய்ச்சிய தாய்ப்பாலைக் குழாய் வழியே மணிக்கணக்குப்படி கொடுப்பது, கை கழுவுவதில் விட்டுக்கொடுக்காதது, ‘இந்தக் குழந்தை ஏதோ சரியில்லை’ என்று மானிட்டர் சொல்வதற்கு முன்பே தெரிவது. தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையே 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியதுதான்.

அழாத தாய்

அந்தத் தாய் பழகிப்போனவர், மரத்துப்போனவர் என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அப்படி எழுதியதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் அது தவறான அனுமானம். அன்னியர்கள் நிறைந்த வார்டில், நள்ளிரவில், வீட்டில் வேறு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த ஒரு பெண் எங்கே அழ வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். வீட்டுக்குப் போன பிறகு நடக்கும் அழுகையை நாம் பார்ப்பதில்லை. அடுத்த முறை, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்து, போகும் வழிக்கு ஏதாவது ஏற்பாடு வேண்டுமா, கூட யாராவது வர வேண்டுமா என்று கேளுங்கள். செய்யக்கூடியது அவ்வளவுதான், ஆனால் அதைச் செய்யலாம்.

மூன்று குழந்தைகள் இறந்த இரவைப் பற்றி யாரிடமாவது வாய்விட்டுப் பேசினீர்களா? எனக்கு எழுதினீர்கள், சரி. உங்கள் அமைப்பில் பணியாளர்களுக்கான மனநல ஆலோசகர் இருப்பார். ரகசியம் காப்பார், மேலதிகாரிக்குப் போகாது. மாத்திரை மாற்றியபிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டாலோ, எதிலும் உணர்வே இல்லாமல் போனாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை தலைகாட்டினாலோ, அன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள்.

கென்யா

ஏன் சொன்னீர்கள் என்று புரிகிறது. ‘தெற்கு சூடான்’ என்று கூகுளில் தட்டினால் வருவதைப் பார்த்தபிறகு எந்த அம்மாவும் மகளை அனுப்பமாட்டார். கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது என்கிறீர்கள். ஆனாலும் இந்தப் பொய்யை இந்த மாதமே முடித்துவிடுங்கள். நேர்மையைப் பற்றிய பாடம் நடத்தவில்லை, காரணம் வேறு.

2016 ஜூலையில் தலைநகர் ஜூபாவில் திடீரென்று சண்டை மூண்டது. நிவாரணப் பணியாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதிக்குள் அரசுப் படையினரே புகுந்து கொலையும் பாலியல் வன்முறையும் செய்தார்கள். பிறகு ராணுவ நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார்கள். அந்த வாரம் இந்திய அரசு இரண்டு விமானப்படை விமானங்களை அனுப்பி இந்தியர்களை அழைத்து வந்தது, விமானம் முதலில் இறங்கியது திருவனந்தபுரத்தில். 2025 மார்ச்சில் துணை அதிபர் ரீக் மச்சாரை வீட்டுக்காவலில் வைத்தபோது மறுபடி பதற்றம். இப்படி ஒரு வாரம் வந்தால் தகவல் போவது உங்கள் அவசரத் தொடர்பு எண்ணுக்கு. அது அண்ணனின் எண்ணாகவே இருக்கலாம். ஆனால் அவர் ஒருவராக அந்தச் செய்தியையும் சுமந்து, கென்யா பொய்யையும் அந்த நேரத்தில் அம்மாவிடம் பிரித்துச் சொல்ல வேண்டும். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சொல்லும்போது அண்ணன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். வளாகம், வார்டு, சமையல்காரர், உங்கள் படுக்கை என வீடியோவில் காட்டுங்கள் (நோயாளிகளை வேண்டாம், குழந்தைகளின் படத்தை வாட்ஸ்அப்பில்கூட அனுப்பக் கூடாது). ஆபத்தே இல்லை என்று சொல்லாதீர்கள், அது இரண்டாவது பொய். ஆபத்து உண்டு, அதற்கு என்ன விதிகள் உண்டு என்று சொல்லுங்கள்: இருட்டிய பிறகு வெளியே போவதில்லை, ரேடியோ இல்லாமல் வண்டி கிளம்பாது, நிலைமை மோசமானால் எங்களை வெளியே எடுப்பார்கள். உலகம் முழுக்க நிவாரணப் பணியில் கொல்லப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டுப் பணியாளர்கள்தான் என்பதும் உண்மை. அம்மாவுக்கு அது ஆறுதலாக இருக்காது, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ஜூபாவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் உங்கள் பெயரைப் பதிவு செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் ஒரு மின்னஞ்சல் போதும்.

திரும்பி வரலாமா?

வரலாம். முதலில் இந்த பயத்தைப் போக்கிவிடுகிறேன்: பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு, சான்றிதழைப் பூட்டிவைத்து மிரட்டுவது நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றின் வழக்கம். பெயருள்ள நிவாரண அமைப்புகள் அப்படிச் செய்வதில்லை. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு, திரும்பும் டிக்கெட் யார் செலவு, பாதியில் போனால் எந்தப் படி கிடைக்காது என்ற மூன்றைப் படியுங்கள். பாதுகாப்பு காரணமாக இனி இருக்க முடியாது என்று ஒருவர் சொன்னால் பொதுவாக அதை எதிர்த்துப் பேசுவதில்லை, அதுவே அங்கே நடைமுறை. உங்கள் சான்றிதழ்களின் அசல் அவர்களிடம் இருந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள், அது விசித்திரம்.

ஆனால் மூன்றாவது வாரத்தில் முடிவெடுக்காதீர்கள். தூங்காத மூளை, மெஃப்ளோகுயின் ஏறிய மூளை, மலேரியா உச்சத்தில் இருக்கும் வார்டைப் பார்த்து எடுக்கும் முடிவை நான் நம்பமாட்டேன். செப்டம்பர் கடைசி வாரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டாய ஓய்வு விடுப்பு தருவது இந்த வேலையில் சகஜம். உங்கள் முதல் விடுப்பும் அதையொட்டி வரலாம். விடுப்பில், வெளியே, நான்கு நாள் தூங்கிய பிறகு யோசியுங்கள்.

காத்திருக்கக் கூடாத காரணங்களும் உண்டு. சீனியரைப் பற்றிய புகாரை அமைப்பு கண்டுகொள்ளாமல் விட்டால், பாதுகாப்பு விதிகளை உங்கள் மேலதிகாரியே மீறச் சொன்னால், அல்லது மேலே சொன்ன மனநல அறிகுறிகள் வந்தால், செப்டம்பர் வரை இருக்கத் தேவையில்லை. ஓராண்டை முடிக்காமல் வந்தால் வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்பதும் உங்கள் கற்பனை. மூன்று மாதம் அப்படிப்பட்ட வார்டை மேற்பார்த்த செவிலியரை வேண்டாம் என்று சொல்லும் குழந்தைகள் பிரிவு எனக்குத் தெரிந்து இல்லை. கிளம்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கைப்பையில் இருக்கட்டும். அது இல்லாமல் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க நம் விமான நிலையத்தில் அதிகாரம் உண்டு. ஊருக்கு வந்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் என்றால், ‘நான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்’ என்பதுதான் டாக்டரிடம் உங்கள் முதல் வாக்கியம்.

பணம், வரி

சுருக்கமாகச் சொல்கிறேன், நான் ஆடிட்டர் இல்லை. ‘வெளிநாட்டுச் சம்பளத்துக்கு வரியே கிடையாது’ என்று தோழி சொன்னது பாதி சரி. வேலைக்காக வெளிநாடு போகிறவர், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்த ஆண்டுக்கு வெளிநாடுவாழ் இந்தியர். ஜூலையில் கிளம்பிய உங்களுக்கு வரும் மார்ச் வரை அப்படித்தான் அமையும். ஆனால் அடுத்த ஜூலையில் திரும்பி இங்கேயே இருந்துவிட்டால், அடுத்த நிதியாண்டில் நீங்கள் மறுபடி உள்நாட்டவர்; அந்த ஏப்ரல், மே, ஜூன் மாதச் சம்பளம் இங்கே வரிக் கணக்கில் வரும். சம்பளம் முதலில் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதும் முக்கியம். இந்தியக் கணக்கில் நேராகப் போடச் சொல்வதற்கு முன் மதுரையில் ஒரு ஆடிட்டரிடம் அண்ணனை அனுப்பிக் கேளுங்கள். வேலைக்காக வெளிநாடு போனவர் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது அன்னியச் செலாவணி விதி. பெரும்பாலானோர் செய்வதில்லை. வங்கியில் படிவம் ஒன்றுதான், அண்ணன் போகும்போது அதையும் வாங்கி ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள்.